பியருக்குள் போன பிரசாதத் தேன்

அதெல்லாம் இருக்கட்டும் அப்பன், பதினெட்டு நாளாக வீட்டுப் பக்கமே வராமல், நான் அனுப்புகிற ஒவ்வொரு நீளமான செய்திக்கும் "நலம் சித்தி" என்று இரண்டே சொல்லில் பதில் போட்டுக்கொண்டிருந்தால் நான் வேறு என்னதான் செய்வது? ஃபோன் எடுத்தால் மீட்டிங் என்கிறாய். மீட்டிங் இல்லாத சனிக்கிழமை பார்த்து எடுத்தால் உன் சிநேகிதன் மத்தியூ எடுத்து "போன்ஷூர் சித்தி" என்கிறான். அந்தப் பிரெஞ்சுக்காரப் பிள்ளைக்கு நான் சித்தி, உனக்கு நான் யாரோ. அதனால்தான் இதைக் கடிதமாக எழுதி, தமிழ்க் கடை வாசல்களில் அடுக்கி வைத்திருக்கிற மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு கிராமத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்தைத் திருத்தித் தருகிறேன் என்று பத்திரிகைக்காரத் தம்பி சொன்னார். "வடிவாத் திருத்துங்கோ தம்பி, ஆனா ஆக்கள் கதைச்சதைக் கதைச்ச மாதிரியே விடுங்கோ, பேந்து நான் பொய் சொன்னன் எண்டு சொல்லுவினம்," என்றேன். ஊர் முழுக்க வாசிக்குமே என்று உனக்குக் கோபம் வரும். ஊர் முழுக்க வாசிக்க வேண்டும் என்றுதான் கொடுக்கிறேன். ஏன் என்பது கொஞ்சம் பொறுத்தால் விளங்கும். பொறுமை உனக்கு இருக்கிறது, எனக்குத்தான் இல்லை.

இது அச்சில் வருகிறபோது உன் பொன்னுருக்கலுக்கு ஒரு கிழமைதான் மிச்சம் இருக்கும். தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில், மாப்பிள்ளையின் கண் முன்னால் உருக்க வேண்டும். உன் சித்தப்பாவுக்கு அப்படித்தான் செய்தார்கள், உன் அப்பாவுக்கும் அப்படித்தான். நீ ஆரணியிடம் "அதை மத்தியூ வீட்டிலயும் செய்யலாம்தானே" என்று சொன்னாயாம். உன்னைக் கட்டப் போகிற பிள்ளை அதை என்னிடம் வந்து சொல்கிறபோது அவளுக்கே சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புவாண்ட்-கிளேரில், மூன்றாம் மாடியில், தோசை சுட்டாலே புகை மணி கத்துகிற அபார்ட்மென்டில் ஆசாரியார் நெருப்பு மூட்டிப் பொன் உருக்குவதா? கும்பத்தை எங்கே வைப்பாய், அந்தப் பெரிய டிவிக்கு முன்னாலா? உன்னை நான் பெறவில்லைதான். உன் அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு, ஏழு வயதில், ஒரு கையில் பள்ளிக்கூடப் பையும் மறு கையில் உன் அம்மாவின் சால்வையுமாக இந்த வீட்டுக்கு வந்தாய். அன்றிலிருந்து இது உன் வீடு. மாப்பிள்ளை வீடு என்றால் இந்த வீடுதான். அதை மாற்ற உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

சரி, பியருக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நீயும் மத்தியூவும் ஒரு பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்குள் இறங்கியபோது ஏதோ சூப் வைக்கப் போகிறீர்கள் என்று நினைத்து இரண்டு வெங்காயம் உரித்துக் கொண்டுவந்தவள் நான். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். முளைவிட்ட பார்லியாம், கசக்கிற பூவாம், ஈஸ்டாம். வீடு முழுக்க அவித்த மாட்டுத் தீவனத்தின் மணம். அதை ஒரு பெரிய வாளிக்குள் ஊற்றி, மூடியில் ஒரு சின்னக் குழாயைச் செருகி வைத்தீர்கள். அந்தக் குழாய் இரவு பகல் பாராமல் பொளக், பொளக் என்று ஏப்பம் விட்டது. சாமி அறைக்கு நேர் கீழே! நான் மேலே கற்பூரம் காட்டுகிறேன், கீழே பொளக். நான் கண்ணை மூடுகிறேன், பொளக். "வேற மூலை இல்லையோ உனக்கு?" என்று கேட்டால் "அந்த மூலைதான் சித்தி ஒரே சூடா இருக்கும்" என்றாய். சாமி அறைக்குக் கீழே ஒரே சூடாக இருப்பது எதனால் என்று நீ யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தேன் பைத்தியம் பிடித்தது உனக்கு. சந்தையில் தேனீ வளர்க்கிற அம்மா ஒருத்தியிடம் ஒரு வாளி தேன் வாங்கி வந்தாய், சரசான் என்று இங்கே சொல்கிற பூவின் தேன், தார் மாதிரி கறுப்பு, மாட்டுக் கொட்டில் மணம். நீ பானையை அடுப்பில் வைத்துக்கொண்டு தேன் வாளியைத் திறந்ததும் நான் ஓடி வந்து உன் கையைப் பிடித்தேன். "தேனைக் காய்ச்சாதையடா! காய்ச்சின தேன் நஞ்சு!" நீ சிரித்தாய். "நான் காய்ச்சேல்லை சித்தி. அடுப்பை நூத்துப்போட்டு, சூடு கொஞ்சம் இறங்கினாப் பிறகுதான் விடுவன். கொதிக்கேக்க விட்டா வாசம் எல்லாம் ஆவியாப் போயிடும், பிறகு தேன் போட்டும் போடாத மாதிரித்தான்." என் அம்மா சொன்னதும் மத்தியூ உனக்குச் சொல்லித் தந்ததும் ஒன்றாக இருந்த ஒரே நாள் அதுதான். அன்று நான் உன் பக்கத்தில் நின்று, நெருப்பை அணைக்கச் சொல்லி, தேனை நூலாக ஊற்றச் சொல்லி, கரண்டியால் கிண்டியும் தந்தேன். அதையும் இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன். பியர்ப் பானையைக் கிண்டின கைதான் மறுநாள் கோயிலில் மாலை கட்டியது.

இனி நான் சொல்லப் போவதை நின்று வாசி. போன தை மாதம் உன் சாதகத்தைச் சாத்திரியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஏழரைச் சனி, கலியாணத்தில் கடைசி நேரத்தில் ஒரு கலக்கம் காட்டுகிறது என்றார். முருகனுக்குத் தேன் அபிஷேகம் செய்து, அந்தத் தேனைப் பிள்ளை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்றார். நான் அபிஷேகம் செய்வித்தேன். சாமியின் திருமேனியில் வழிந்த தேனை ஐயர் ஏந்தி, வடித்து, போத்தலில் ஊற்றித் தந்தார். நல்ல வெள்ளைத் தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து "இந்தா அப்பன், ஒரு கரண்டி" என்று நீட்டினால் நீ என்ன சொன்னாய்? "சித்தி, இதெல்லாம் எனக்கு வேண்டாம். ஆரணிக்கும் எனக்கும் ஒரு கலக்கமும் இல்லை." நான் கெஞ்சினேன். நீ லாப்டாப்பைத் திறந்தாய். உனக்குக் கலக்கம் இல்லை, சரி. எனக்கு இருக்கிறதே! எனக்கு இருக்கிற கலக்கத்துக்கு நான் எந்தத் தேனைக் குடிப்பது?

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, நீ வேலைக்குப் போன பிறகு, பேஸ்மென்டுக்கு இறங்கி, உன் தேன் வாளியைத் திறந்து, பிரசாதத் தேன் முழுவதையும் அதற்குள் ஊற்றினேன். ஓம், நான்தான். நீ ஒவ்வொரு நாள் காலையும் அந்த வாளியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டுக் குடிப்பாய் என்பது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாமல் உனக்குள் முருகன் போய்விடுவான், நாற்பத்தெட்டு நாளில் சனியும் கிளம்பிவிடும் என்று கணக்குப் போட்டேன். வெற்றுப் போத்தலைக் கழுவி, மறுபடி சாமி அறைத் தட்டில் வைத்தேன். ஒருவரும் காணவில்லை. நான் ஏமாற்றினேன் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கிற மாதிரி என்றுதான் இருந்தது. அன்று முழுக்க வேலை செய்துகொண்டே பாடினேன், உன் சித்தப்பா "என்ன இண்டைக்குச் சத்தம் கூட?" என்றும் கேட்டார்.

எனக்கு இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. உனக்கு எட்டு வயதில், குளிர்கால ஜாக்கெட்டின் உள்துணியைப் பிரித்து, திருநீற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துத் தைத்தேனே, நினைவிருக்கிறதா? தையல் விட்டு, வகுப்பு நடுவில் வெள்ளைத் தூள் பொட்டலம் தரையில் விழுந்து, என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். டீச்சர் அந்தப் பொட்டலத்தை மேசையில் வைத்து, கையுறை போட்ட விரலால் என் பக்கம் தள்ளினாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. சாம்பலின் மகிமை, சிவன், முருகன், உன் அம்மா படுத்த படுக்கையில் என்னிடம் கேட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் கால் மணித்தியாலம் தமிழில் சொல்லி, "சொல்லு ராசா" என்றேன். நீ டீச்சரிடம் ஒரு வசனம் சொன்னாய். ஒரே ஒரு வசனம்! அவள் முகம் மாறி, பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தாள். அந்த வசனம் என்னவென்று நீ இன்று வரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு வகுப்புப் பிள்ளைகள் உன்னைச் சாம்பல் என்று கூப்பிட்டார்கள் என்பதை ஐந்து வருடம் கழித்து வேறொரு தாய் சொல்லித்தான் அறிந்தேன். நீயாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு "அது பழசு சித்தி" என்றாய். பார், எனக்கு இந்தக் கதையை எழுதுகிறபோதே எரிச்சல் வருகிறது. என் மேலா உன் மேலா என்றுதான் தெரியவில்லை.

சித்திரை மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆரணியின் அம்மாவும் அப்பாவும் பொன்னுருக்கலுக்கு நாள் வைக்க வந்திருந்தார்கள். பலகாரத் தட்டு எடுக்கப் பேஸ்மென்டுக்கு இறங்கினேன். உன் தேன் வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மண்டலம் இன்னும் முடியவில்லை, வாளித் தேனை இவன் எப்படிக் குடித்து முடித்தான்? தட்டை மறந்து மேலே ஓடி வந்து எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். "எங்கயடா அந்த வாளித் தேன்?" நீ வடையைக் கடித்துக்கொண்டே சொன்னாய். "பியருக்குள்ள சித்தி. ரிசெப்ஷனுக்கு எண்டு செய்தனான். நாப்பத்தெட்டுப் போத்தல்." ஆரணி வீட்டுத் தோட்டத்தில், இல்-பிசாரில், உன் வேலைச் சிநேகிதர்களுக்கு விருந்து வைக்கப் போவதும், அதற்கு நீயே பியர் செய்யப் போவதும் எல்லாருக்கும் முன்பே தெரியும். ஆரணியின் அப்பாவுக்கு அதில் கொஞ்சம் சந்தோசம் கூட. ஆனால் அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாமியின் மேல் வழிந்த தேன் ஈஸ்டோடு சேர்ந்து புளித்து, பியராகி, மூடி அடித்து, என் காலடியில் அடுக்கி இருக்கிறது. அதைச் செய்தது யார்? நான். பாவம் யாருக்கு? எனக்கு. அதை நான் ஒரு நொடி கூடச் சுமக்கவில்லை அப்பன். வாயைத் திறந்தேன், "ஐயோ, கோயில் பிரசாதத் தேனை எடுத்துப் பியருக்குள்ள விட்டிட்டானே!" என்று வந்தது.

எடுத்து என்றேன். நீ எடுக்கவில்லை. நான் ஊற்றியதை அறியாமல் உன் தேனை நீ பாவித்தாய். ஆனால் அந்தச் சொல் வெளியே போய்விட்டது, அதற்குப் பின்னாலேயே நான் ஓடினேன். சாமி அறைத் தட்டில் இருந்த வெற்றுப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினேன். "பாருங்கோ, ஒரு சொட்டு இல்லை" என்றேன். ஆரணியின் அம்மா தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "தம்பி, உண்மையோ?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் போத்தலைப் பார்த்தேன். "தேன் பியருக்குள்ளதான் இருக்கு மாமி" என்றாய். அவ்வளவுதான். ஏனடா, ஒரு மனிசன் தன் மேல் களவு சொன்னால் கத்தமாட்டானா? "நான் எடுக்கேல்லை, எனக்கென்ன தெரியும்" என்று ஒரு வார்த்தை? "சித்தி, எந்தத் தேன், எப்ப வைச்சனீங்கள், எப்பிடி என்ர வாளிக்க வந்தது" என்று ஒரு கேள்வி? நீ ஒன்று கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்து உண்மையைக் கொட்டியிருப்பேன். கேட்கவே இல்லை. அடுத்த கிழமை இரண்டு பையோடு மத்தியூ வீட்டுக்குப் போனாய். "வேலைக்குக் கிட்ட சித்தி" என்றாய்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்தேனா? கோயில் மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டுகிறபோது, மனம் தாங்காமல், நான்கு பேருக்குச் சொன்னேன். அந்தச் சொல்லின்படியே சொன்னேன், எடுத்து என்று. நான்கு பேர் நாற்பது பேர் ஆனார்கள். இரண்டாம் கிழமை எனக்கே திரும்பி வந்தபோது, நீ கோயில் தேனில் சாராயம் வடிப்பதாக இருந்தது. மூன்றாம் கிழமை, அதை ஒரு தெப்பனரில், மூலைக் கடையில், விற்பதாகவும் சேர்ந்திருந்தது. "சீச்சீ, அப்பிடி இல்லை, கடைக்கு ஒண்டும் குடுக்கேல்லை" என்று நான் மறித்தேன். பார், அப்போதும் கடையைத்தான் மறுத்தேன். ஆரணியின் அம்மா ஃபோன் எடுத்தார். "அக்கா, பியரைப் பற்றி எங்களுக்கு ஒண்டுமில்லை. ஆனா சாமின்ர சாமானைக் களவா எடுக்கிற பழக்கம் எண்டா, இவரும் யோசிக்கிறார். கொஞ்சம் தள்ளி வைப்பமோ எண்டு." தள்ளி வைப்பது! சாத்திரியார் சொன்ன அந்தக் கடைசி நேரக் கலக்கத்தைச் சனி கொண்டுவரவில்லை, நான்தான் போத்தலில் கொண்டுவந்திருக்கிறேன்.

ஐயரிடம் போனேன். நேரே சொல்லத் துணிவில்லை. "ஐயா, ஒராள் தெரியாத்தனமாப் பிரசாதத் தேனை இன்னொராளின்ர தேனுக்குள்ள விட, அந்த ஆள் அதைப் பியருக்குள்ள விட்டிட்டா, என்ன செய்யிறது?" என்றேன். அவர் விளக்குத் திரியை உருட்டுவதை நிறுத்தினார். "அந்த முதல் ஆள் நீங்களோ அம்மா?" என்றார். "ஒராள்" என்றேன். "எத்தினை போத்தல்?" "நாப்பத்தெட்டு." "சரியா ஒரு மண்டலம்," என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. பிறகு, கால் படாத இடத்தில் ஒரு மரத்தடியில் ஊற்றிவிடுங்கள் என்றார். "தேன் பரிகாரம் அதோட முடியும். மற்றதுக்கு நீங்கள்தான் அந்தப் பிள்ளையோட கதைக்க வேணும்" என்றார்.

ஒரு திங்கட்கிழமை பகல், தலையில் முழுகி, சேலை உடுத்து, மூன்று போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்வளவு லைலாக் மரத்தடிக்குப் போனேன். சமையலறைத் திறப்பானால் முதல் மூடியை நெம்பினேன். அது வெடித்த மாதிரி நுரை எழும்பி, என் முகம், மூக்குக் கண்ணாடி, நெஞ்சு எல்லாம் பியர். வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மதாம் "மோன் தியூ!" என்று கடவுளைக் கூப்பிட்டாள். நெற்றியில் குங்குமத்தோடு, கையில் போத்தலோடு, தாடையில் நுரையோடு நான் "போன்ஷூர்" என்றேன். உன் சித்தப்பா கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "இஞ்சேரும், பிரசாதத்தை நிலத்தில ஊத்தக் கூடாது எண்டு எனக்கு முப்பது வருசமாச் சொன்னது நீர்தானே. கொண்டாரும், நான் முறைப்படி குடிச்சு முடிக்கிறன்" என்றார். அந்த மனிதருக்கு நான் சொன்ன பதிலைப் பத்திரிகையில் போட முடியாது. உதட்டில் பட்டது உள்ளே போய்விட்டது அப்பன். நான் வேண்டுமென்று குடிக்கவில்லை. ஆனால் சொல்கிறேன், இனிப்பே இல்லை. ஒரு வாளி தேன் போட்டு ஒரு சொட்டு இனிப்பில்லை! சீனி முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும், வாசம் மட்டும்தான் மிஞ்சும் என்று நீ முன்பு சொன்னபோது நான் நம்பவில்லை. உதட்டில் மிஞ்சியது கசப்பும் பூவாசமும்தான். இவ்வளவு தேனைக் கொடுத்து இதைத்தானா வாங்கினாய் என்று கோபம் வந்தது. பிறகு, நல்ல வாசம் என்றும் தோன்றியது. மிச்சம் இரண்டு போத்தலையும் திறக்காமல் திருப்பிக் கொண்டுபோய் அடுக்கினேன். நாற்பத்தேழு இருக்கிறது. சித்தப்பா தொடவில்லை, நான் ஒவ்வொரு நாளும் எண்ணுகிறேன்.

போன புதன்கிழமை ஆரணி வந்தாள், உன் வேட்டி சால்வையை எடுத்துப் போக. என் அடுக்களையில் நின்று, சப்பாத்தைக் கழற்றாமலே, "மாமி, ஒண்டே ஒண்டு கேக்கிறன். அவர் அதைக் களவா எடுத்தவரோ?" என்றாள். "அவனைக் கேளன் பிள்ளை" என்றேன். "கேட்டனான். 'சித்தியிட்டக் கேள்' எண்டு மட்டும் சொல்லுறார். வேற ஒண்டும் வாயால வருகுதில்லை. நான் அவற்ர இந்த வாயை வைச்சுக்கொண்டு வாழ்க்கை முழுக்க என்ன செய்யிறது மாமி?" அவள் கண் கலங்கியிருந்தது. நான் அடுப்புப் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை" என்றேன். அவள் குடிக்காமல் போனாள். கோயிலுக்குப் போய் அரோகரா சொல்கிற வாய், ஒரு பெண் பிள்ளை நேரே நின்று கேட்கும்போது தேத்தண்ணி என்று சொல்லிற்று. அன்று பின்னேரமே கொப்பியை எடுத்து இதை எழுதத் தொடங்கினேன். ஆரணி, நீயும் இதை வாசிப்பாய். அவன் எடுக்கவில்லை. நான்தான் ஊற்றினேன். ஆரணியின் அம்மா, அப்பா, மடைப்பள்ளிச் சகோதரிகள், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் தன் தேனைத் தன் பானையில் விட்டான். களவு செய்தது நான், கொடுப்பதற்காக என்றாலும் களவுதான்.

இனி உனக்கு. கலியாணம் கட்டப் போகிறாய். ஆரணி என்னைப் போல வாயாடி இல்லை, ஆனால் உன்னைப் போல ஊமையும் இல்லை. அவளிடம் "சரி", "ஓம்", "நலம்" என்று துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருக்காதே. பியருக்கு எத்தனை பாகை சூடு என்று மத்தியூவோடு ஒரு மணித்தியாலம் கதைக்கிறாய், உன் மனம் எத்தனை பாகையில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கோபம் வந்தால் கத்து. கதவை அடி. நான் தாங்குவேன், அவளும் தாங்குவாள். மூடியை இறுக்கி அடித்து வைத்துவிட்டுப் போகிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கும் ஒரு புத்தி சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தெரியாமல் உனக்குள் ஒன்றையும் இனிச் செருக மாட்டேன். ஜாக்கெட்டிலும் இல்லை, தேனிலும் இல்லை. பிரசாதம் என்றால் கையில் நீட்டுவேன். வேண்டாம் என்றால் நானே எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன், முணுமுணுத்துக்கொண்டுதான், அதை நிறுத்த முடியாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஆசாரியார் வருவார். நீ ஏழு மணிக்கு வந்து தோய்ந்துவிட்டு நிற்க வேண்டும். எல்லாரும் இருக்கும்போது, பொன் உருகுவதற்கு முன்னால், எழுதியதை நான் என் வாயாலும் சொல்வேன். அந்த நாற்பத்தேழு போத்தலையும் என்ன செய்வது என்பதை நீயே சொல்லு. இல்-பிசாருக்குக் கொண்டுபோவதென்றால் கொண்டுபோ, நான் உன் காரில் ஏற்றியும் தருகிறேன். ஆனால் யாருக்குக் கொடுத்தாலும் அது என்ன தேன் என்று சொல்லிக் கொடு. வேண்டாம் என்பவர்கள் வைத்துவிடட்டும். மத்தியூவையும் கூட்டி வா. அவனுக்கு வேட்டி உடுத்திவிட ஒருவரைப் பிடித்திருக்கிறேன்.

பேனையை மூடி வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன். இப்போதுதான் ஒன்று நினைவு வருகிறது. நான் ஊற்றியதற்கு மறுநாள், சனிக்கிழமை காலை, மாலை கட்டப் போக நேரமாகிவிட்டது என்று கதவடியில் நின்று குளிர்ச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கார் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. நீ பேஸ்மென்ட் படியில் பாதி ஏறி வந்து, கையில் கரண்டியோடு கேட்டாய். "சித்தி, என்ர கறுப்புத் தேனுக்கு மேல வெள்ளைத் தேன் ஒரு விரல் உயரத்துக்கு நிக்குது. நீங்கள் ஏதும் விட்டனீங்களோ?" "நான் ஏன் உன்ர வாளியைத் தொடுறன்?" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். "சரி சித்தி" என்றாய். பிறகு குனிந்து, எனக்கு எட்டாமல் கிடந்த மற்றச் சப்பாத்தை எடுத்துத் தந்தாய்.